மனையும் மனுவும்



காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூருக்கு உங்களுள் சிலர் சென்றிருக்கலாம். செல்லாதவர்களும் அவ்வூரின் பெயரைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விளக்குகின்றன. குடவோலை முறை என்று நாம் பெருமையோடு பேசுவது இதனைத்தான். பெருமை கொள்ளத்தக்கதே அது.

ஆயினும், அக்கல்வெட்டுகள் கூறும் தகுதிகளுள் ஒன்றை நாம் விரைந்து கடந்து போய்விடுகிறோம். உறுப்பினனாக விரும்புவோனுக்கு வயது வரம்பு உண்டு, மறையறிவு வேண்டும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். இவற்றோடு, அவன் தன்னுடைய சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும் என்பதும் ஒரு விதி. பிறர் மனையில் குடியிருந்தவன் ஊருக்காக எவ்வளவுதான் உழைத்திருந்தாலும், ஏரியைத் தூர் வாரி, மடையைத் திறந்து, வயலை விளைவித்திருந்தாலும், அவன் பெயர் ஓலையில் ஏறாது, குடத்திலும் விழாது. மனையில்லாதவனுக்கு ஊரில் குரல் இல்லை.

அதன்பின் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. அதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கும் பிறகு, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சொந்த மனை இருக்கிறதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஓலை மாறிவிட்டது, குடம் மாறிவிட்டது. ஆனால் மனையில்லாதவர் மாறவில்லை. அவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார். அவர் அரசினிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், அதில் உங்களுக்கு என்ன பங்கு என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதைப் போன்ற குடும்பம் இல்லாத சிற்றூர் அரிது. கணவனும் மனைவியும் கூலி வேலை செய்கின்றனர். நடவுக் காலத்தில் வயல் வேலை. மற்றக் காலத்தில் கிடைத்த வேலை. மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள், இளையவன் பள்ளியில். ஓடு வேய்ந்த ஓர் அறையில் மாத வாடகைக்குக் குடியிருக்கின்றனர். வாடகைக்கு ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. ஒருநாள் மாலை தாய் வந்து மகளிடம் சொல்கிறாள்: “வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கல்யாணமாம், கண்ணு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்கிறார். அரசாங்கம் வாடகைக்கு ஏதாவது உதவி செய்யும் என்கிறார்களே, ஒரு மனு எழுதிக் கொடு.”

மகள் என்ன விடை சொல்ல வேண்டும்?

முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்த வருவாயுடைய குடும்பம் தன் வருவாயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகக் கொடுத்தால், குறித்த அளவுக்கு உட்பட்டு எஞ்சியதை அரசு வீட்டுக்காரருக்குச் செலுத்தும் திட்டம் ஒன்று உண்டு. அங்கும் கேட்பவர் பலர்; பெறுபவர் சிலர்; காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பிரித்தானியாவிலும் ஏழை வாடகைதாரருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. நம் நாட்டில் சிற்றூர்க் கூலியாளருக்கு மாதந்தோறும் வாடகை உதவி தரும் பொதுத்திட்டம் இல்லை. நகரங்களில்கூட, வெளியூரிலிருந்து வந்து உழைப்போருக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்பு அமைக்கும் எண்ணம் 2020ஆம் ஆண்டில்தான் ஒரு திட்டமாக உருப்பெற்றது.

இங்கே ஒன்று கருதற்குரியது. அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி கிடைக்கிறது. அஃது அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதி. அதனைக் குறை கூறுவார் இல்லை. மாதச் சம்பளம் பெறுபவரின் வாடகை கணக்கில் ஏறுகிறது. ஏனெனில் அவரிடம் ரசீது இருக்கிறது. நாட்கூலி பெறுபவரின் வாடகை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏனெனில் அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. வாடகையின் சுமை ஏழைக்கே மிகுதி. அதற்கான சான்றோ அவரிடமே இல்லை. வாடகை உதவி நம் சிற்றூர்களுக்கு வராமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் தாயை வெறுங்கையோடு அனுப்பிவிடுவதா? அன்று. வாடகைக்குப் பணம் கொடுப்பதைவிட மனையையே கொடுப்பது, வீடு கட்டப் பொருள் கொடுப்பது என்னும் வேறொரு வழியை நம் நாடு மேற்கொண்டது. அந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பது இதே செங்கற்பட்டுச் சீமைதான்.

உத்திரமேரூர் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1891ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் என்பவர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அவர்கள் உழுத நிலம் அவர்களுடையதன்று என்பது எல்லாரும் அறிந்ததே. குடியிருந்த குடிசையின் அடிமனையும் அவர்களுடையதன்று என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கூலியை உயர்த்திக் கேட்டாலோ, வேறொருவரிடம் வேலைக்குப் போனாலோ, மனையை விட்டு வெளியேறு என்னும் ஒரு சொல் போதும்; கேட்டவர் வாய் அடங்கும். மனையில்லாமை வெறும் வசதிக் குறைவன்று. அஃது ஓர் அடிமைத்தளை என்பதை அக்குறிப்பு உணர்த்தியது. அதன் பயனாக 1892இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று மக்கள் இன்றும் வழங்குவது அதனையே. அந்நிலத்தைப் பிறர் கைப்பற்றாமல் இருக்க நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. அவை எவ்வளவு காக்கப்பட்டன என்பது வேறொரு நீண்ட கதை.

பின்னர் 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படாமல் உழவரையும் கூலியாளரையும் காக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் வந்தது. பத்தாண்டு கழித்து, 1971இல், அடுத்த படியையும் ஏறினோம். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாளன்று நிலவுடையாரின் மனையில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையே சொந்தம் என்று ஒரு சட்டம் கூறியது. முதற் சட்டம், வெளியேற்றாதே என்றது. இரண்டாவது சட்டம், இது உன்னுடையது என்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. 1978இல் ஆதிதிராவிட மக்களுக்கு மனை வழங்குவதற்காக நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டமும் வந்தது.

மனை வழங்கும் வழி இது. வீடு கட்ட உதவும் வழி 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமாக நாடு முழுவதும் தொடங்கிற்று. 2016இல் அது பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்பது அதன் அடிப்படைத் தொகை; நடுவண் அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கும். தமிழக அரசு கான்கிரீட் கூரைக்கென மேலும் ஒரு தொகை சேர்த்தது. 2024இல் இத்திட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. குடிசை வீடுகளை மாற்றுவதற்காகத் தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என வகுத்தது.

இத்தொகைகளைக் கேட்டவுடன் நம் கற்பனைக் குடும்பம் எழுத்தாணி எடுத்துவிடக் கூடாது. இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். வீடு கட்டுவதற்கான உதவி, மனை உள்ளவருக்கே கைக்கு எட்டும். பட்டா இல்லாதவர் வீடு கேட்டால், மனை எங்கே என்ற கேள்வி எழும். மனு அங்கேயே நின்றுவிடும். பழைய கல்வெட்டின் விதி வேறோர் உருவில் வந்து வாசலில் நிற்பது போன்றது இது. எனவே வாடகைக்குக் குடியிருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வீடன்று, வீட்டுமனைப் பட்டா. மனை முதற்படி, வீடு இரண்டாம் படி. இந்த வரிசையை அறியாமையால் ஆண்டுகள் பலவற்றை இழந்த குடும்பங்கள் உண்டு.

மனை எங்கிருந்து வரும்? ஒவ்வோர் ஊரிலும் குடியிருப்புக்கென ஒதுங்கிய நிலம் நத்தம் எனப்படும். அதில் காலியிடம் இருந்தால் வழங்கலாம். பொதுப் பயனுக்கு வேண்டப்படாத, ஆட்சேபமற்ற புறம்போக்கிலும் வழங்கலாம். ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் நிலத்தில் வழங்க இயலாது. 2007ஆம் ஆண்டின் சட்டம் ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கப் பிறந்தது. உத்திரமேரூர்ப் பகுதி ஏரிகள் நிறைந்த நாடு. வேறிடம் இன்மையால் ஏரிக்கரையில் குடிசை போட்டவர் பலர். அவர்கள், இருக்கும் இடத்துக்கே பட்டா தருக என்று கேட்டால் கிடைக்காது. மாற்று மனை தருக என்று கேட்க வேண்டும். ஏரி வாரியம் வைத்து ஏரியைக் காத்த ஊரில், ஏரியும் வாழ வேண்டும், ஏழையும் வாழ வேண்டும் அன்றோ!

இனி, மனுவுக்கு வருவோம். நம் ஊர்களில் மனு என்றால் கெஞ்சல் என்று ஒரு பொருள் பதிந்துவிட்டது. ‘சமூகம் அவர்களின் பாதம் பணிந்து’ என்று தொடங்கி, ‘ஏழையேன் மீது இரங்கி’ என்று முடியும் மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம் படித்த பின்னும், எழுதியவர் எந்த ஊர், எத்தனை பேர், எவ்வளவு வருவாய் என்பது விளங்காது. கண்ணீர் இருக்கும், செய்தி இராது. அலுவலர் இரக்கமுடையவராகவே இருக்கட்டும். கோப்பில் எழுதுவதற்கு அவருக்குச் செய்தியன்றோ வேண்டும்?

நல்ல மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. மனுதாரர் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், ஊர், வருவாய்க் கிராமம், வட்டம்; குடும்பத்தில் உள்ளோர் பெயரும் வயதும்; இவ்வூரில் எத்தனை ஆண்டுகளாக வாழ்கின்றனர், இப்போது யார் வீட்டில் என்ன வாடகைக்கு இருக்கின்றனர்; தொழில், ஆண்டு வருவாய்; குடும்பத்தில் எவர் பெயரிலும் எங்கும் வீடோ மனையோ இல்லை என்னும் உறுதி; ஊரில் காலி நத்தம் இருப்பது தெரிந்தால் அதன் புல எண்; இறுதியில் தெளிவான வேண்டுகோள். அவ்வளவே. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று, தேவையாயின் சாதிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வருமானச் சான்றுக்கு ஒரு சொல். நாட்கூலிக்காரரின் ஆண்டு வருவாயைக் கணக்கிடத் தெரியாமல் சிலர் மனம் போனபடி ஓர் எண்ணை எழுதிவிடுகின்றனர். ஒரு நாளைக்கு 400 ரூபாய் கூலி, ஆண்டில் 150 நாள் வேலை என்றால் 60,000 ரூபாய். இவ்வாறு கூலியையும் நாளையும் பெருக்கிக் காட்டினால், விசாரிக்க வரும் அலுவலர் கேட்கும்போது மாறாமல் விடை சொல்லலாம். உண்மைக் கணக்குக்கு நினைவாற்றல் வேண்டுவதில்லை.

மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ஆண்டுதோறும் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி, நடைபெறும்போதும் கொடுக்கலாம். எங்குக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டுப் பெறாமல் திரும்பலாகாது. மனுவின் நகல் ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் சரிபார்ப்பார். வட்டாட்சியரிடம் கோப்புச் செல்லும். விடை வாராமல் நாள் கடந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில், தன் மனு எந்த மேசையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். முப்பது நாளில் விடை தரல் வேண்டும். இடையில் எவரேனும், நான் முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால், அவர் பாலம் அல்லர், பள்ளம்.

மனை கிடைத்த பிறகு இரண்டாம் படி கிராம சபையில் இருக்கிறது. ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுவது வழக்கம். தமிழ்நாட்டில் மார்ச்சு 22ஆம் நாளும் நவம்பர் முதல் நாளும் 2022ஆம் ஆண்டுமுதல் சேர்ந்துகொண்டன. பட்டியலைப் படிக்கும்போது நம் தாய் அங்கே இருக்க வேண்டும். தன் பெயர் விடுபட்டிருந்தால் எழுந்து கேட்க வேண்டும். மெத்தை வீடு உடையவர் பெயர் இருந்தால் அதனையும் கேட்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். பெரும்பாலும் அன்று கூலி வேலை இருக்கும். ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாளை இழக்க முடியாமையால் ஒரு வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஏழைக்கு உரிமையும் விலையின்றிக் கிடைப்பதில்லை என்பது கசப்பான உண்மை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வீடு மனைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்று ஊரக வீட்டு வசதித் திட்டம் கூறுகிறது. இது வெறும் எழுத்தன்று. வீடு தன் பெயரில் இருக்கும் தாயை எவரும் எளிதில் வெளியே போ என்று சொல்ல முடியாது.

நேயர்களே, இவ்வளவும் செய்தால் ஆனி முடிவதற்குள் மனை கிடைத்துவிடுமா? கிடைக்காது. பொய்ந்நம்பிக்கை ஊட்டுவது நன்றன்று. அக்குடும்பம் வேறொரு வாடகை அறையைத் தேடித்தான் ஆக வேண்டும். அங்கே முகவரி மாறும். குடும்ப அட்டையில் புதிய முகவரியைச் சேர்க்க வீட்டுக்காரர் தயங்குவார். இவ்வூரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்னும் சான்று தளரும். வாடகைதாரரின் பெருந்துன்பம் வாடகை மட்டுமன்று. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவருடைய சான்றுகள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன, அவர் ஓரிடத்துக்குப் போய்விடுகிறார். ஆகவே புதிய வீட்டுக்குப் போகும் முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும். போன பின்பு, முகவரி மாறியதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மனை வரும்வரை ஏழை வாடகைதாரருக்குக் கைகொடுக்கும் ஓர் ஏற்பாடு நம் சிற்றூர்களுக்கும் வேண்டும் என்று கேட்பது முறையே. இன்று மாணவராக இருக்கும் நீங்கள் நாளை சட்டம் வகுக்கும் இடத்தில் அமரும்போது அதனை மறவாதீர்கள்.

1996ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், உறையுள் பெறும் உரிமை வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியது. நீதிமன்றத்தில் கூறப்பட்ட உரிமை ஓர் ஏழைத் தாயின் கைக்கு வந்து சேர வேண்டுமானால், இடையில் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை எழுதுவதற்கு ஒரு கை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் வீட்டில் அந்தக் கை உங்கள் கைதான். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாததாயின், அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு வேண்டியிருக்கும். தேர்வில் கடிதம் எழுதுக என்னும் வினாவுக்குச் சில மதிப்பெண்ணே கிடைக்கும். அதே பயிற்சியைக் கொண்டு நீங்கள் எழுதும் ஒரு மனு, ஒரு குடும்பத்துக்கு 3 சென்ட் மனையைப் பெற்றுத் தரலாம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் மனையுடையோர் பெயர் மட்டுமே ஓலையில் எழுதப்பட்டது. இன்று மனையில்லாதவர் பெயரைத் தாளில் எழுதும் காலம் வந்திருக்கிறது. அப்பெயரைப் பிழையின்றி, தெளிவாக, தலைநிமிர்ந்து எழுதுவோமாக.